வீட்டுக்குள் ஒரு வாமன விருக்ஷம்

(கல்லாற்றில் நடந்த உறுப்பினர் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்குப் பிறகு பேசுகிறவனுக்கு முதல் எதிரி உறக்கம். பாலடைப் பிரதமன் ஆன பிறகு என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே வேதாந்தம் எதுவும் பேசப் போவதில்லை. நம் காரியதரிசி எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம் போன்சாய். தட்டுத் தொட்டியில் வளர்க்கிற குட்டி மரம். அதிலும், அதை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுவது எப்படி என்பது.

இந்த விஷயம் ஏன் வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் சஷ்டியப்தபூர்த்தி, சதாபிஷேகம் என்றால் வெள்ளிக் குங்குமச் சிமிழ் கொடுப்பார்கள். இப்போது பல வீடுகளில் ஒரு போன்சாய் வந்து இறங்குகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோ பெண்ணோ அங்கிருந்தே பணம் கட்டி அனுப்பி வைக்கிறார்கள். அதை டிராயிங் ரூமில் டீப்பாய் மேல் வைக்கிறோம். வந்தவர்கள் எல்லாம் பார்த்து மெச்சுகிறார்கள். மூன்று மாதம் கழித்து எனக்கு டெலிபோன் வருகிறது. "நீங்கள் பாட்டனி படித்தவர் ஆயிற்றே, இலையெல்லாம் கொட்டிப் போச்சே, என்ன பண்ணலாம்?" நான் படித்த பாட்டனி சர்க்கார் உத்தியோகத்தில் ஒரு நாளும் உதவவில்லை. ரிடையர் ஆன பிறகுதான் உதவுகிறது.

கல்லாற்றில் நின்றுகொண்டு செடி கொடியைப் பற்றிப் பேசக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. விஷ வைத்தியத்துக்காக 2018-ல் பத்மஸ்ரீ பெற்ற லக்ஷ்மிக்குட்டி அம்மா இந்தக் கல்லாற்றுக் காட்டைச் சேர்ந்தவர். பச்சிலைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் ஒரு துளிகூட எந்தக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் இந்த விஷயத்துக்கும் இந்த ஊருக்கும் ஒரு பொருத்தம் உண்டு. இதோ ஓடுகிற கல்லாறு போய்ச் சேர்வது வாமனபுரம் ஆற்றில். போன்சாய்க்கு நம் நாட்டில் சிலர் வைத்திருக்கும் பெயர் 'வாமன விருக்ஷம்'.

இது வெறும் வார்த்தைப் பொருத்தம் இல்லை. போன்சாய் என்பது ஒரு குள்ள ஜாதி மரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. 'போன்' என்றால் தட்டு, 'சாய்' என்றால் நடுதல். ஜப்பானிய மொழியில் அவ்வளவுதான் அர்த்தம். முப்பது வருஷம் தட்டில் இருந்த ஒரு இத்தி மரத்தை எடுத்துத் தோட்டத்து மண்ணில் நட்டால், அது தன் பாட்டுக்கு வளர்ந்து கிணற்றுச் சுவரைப் பிளக்கும். அதன் பிறவிக் குணத்தில் ஒன்றுமே மாறவில்லை. வேருக்கு இடம் குறைவு, கிளைக்குக் கத்தரி. இந்த இரண்டால்தான் அது சின்னதாக இருக்கிறது. மூன்றடி மண் கேட்டு வந்த வாமனன் உள்ளுக்குள் யார் என்று மஹாபலிக்குத் தெரியவில்லை. டீப்பாய் மேல் இருப்பது உள்ளுக்குள் ஒரு பெரிய மரம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தால் பாதிப் பராமரிப்பு வந்துவிட்டது.

இந்தக் கலை இந்தியாவில்தான் பிறந்தது, நம் வைத்தியர்கள் மூலிகை மரங்களைத் தொட்டியில் வளர்த்ததுதான் மூலம் என்று சொல்பவர்கள் உண்டு. கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் கண்ணால் காணக்கூடிய பழைய சான்று சீனாவில் இருக்கிறது. 706-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு டாங் வம்ச இளவரசரின் சமாதிச் சுவரில், பணியாட்கள் குட்டிச் செடியும் கல்லும் வைத்த தட்டை ஏந்தி வருவது போல் சித்திரம் தீட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து ஜப்பானுக்குப் போய் இன்றைய வடிவம் பெற்றது.

மனுஷன் கண்டுபிடிப்பதற்கு முன்பே இயற்கை இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. கோயில் மதில் இடுக்கில் ஒரு ஆலங்கன்று முளைத்திருக்கும். பத்து வருஷம் கழித்துப் பார்த்தாலும் ஒரு முழம்தான் இருக்கும். ஆனால் அடிமரம் மட்டும் முறுக்கேறிக் கிழட்டு மரம் போல் தெரியும். ஆற்றங்கரைப் பாறை இடுக்குகளிலும் இப்படிப்பட்ட செடிகளைப் பார்க்கலாம். பார்த்தால் போதும். அழகாக இருக்கிறதே என்று பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டாம். சுற்றியுள்ள காடு ரிசர்வ் வனம்; செடியானாலும் கல்லானாலும் எடுத்துப் போவது குற்றம். தவிர, பாறையில் பிடித்த வேர் பிடுங்கினால் பெரும்பாலும் பிழைக்காது.

"இது பாபம் இல்லையா? ஒரு மரத்தைப் பட்டினி போட்டு, கம்பி கட்டிக் குறுக்குவது?" என்று மாமிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவு ஏறினால் பொன்முடி. அந்தச் சரிவில் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். தேயிலை ஒரு மரம். வெட்டாமல் விட்டால் வீட்டுக்கு மேல் வளரும். அதை இடுப்பளவில் வெட்டி வெட்டி ஐம்பது, அறுபது, எழுபது வருஷம் வைத்திருக்கிறார்கள். நமக்கு டீ வேண்டாம், காபிதான் என்பீர்கள். காபிச் செடியையும் தலையைக் கிள்ளித்தான் ஆள் உயரத்தில் நிறுத்துகிறார்கள். போன்சாயைப் பட்டினி போடுவதும் இல்லை. சரியாக வளர்க்கும் போன்சாய்க்குத் தோட்டத்து மரத்தை விட ஒழுங்காகச் சாப்பாடும் தண்ணீரும் கிடைக்கிறது. நல்ல கவனிப்பில் தோட்டத்து மரத்தை விட நீண்ட காலம் வாழ்ந்த போன்சாய்களும் உண்டு. ஆகவே வளர்ப்பது பாபம் இல்லை. வாங்கி வைத்துவிட்டு வெளிச்சம் கொடுக்காமல் சாக விடுகிறோமே, அதை வேண்டுமானால் பாபம் என்று சொல்லலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இன்று நான் சொல்ல வந்தது ஒரே ஒரு செய்தி. மற்றதெல்லாம் அதற்கு வியாக்கியானம். போன்சாய் நம் வீட்டுக்குள் விருந்தாளி, குடித்தனக்காரர் அல்ல. அதன் குடித்தனம் வெயிலும் காற்றும் உள்ள வெளியிடத்தில்.

நம் பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அக்ரஹாரத்து வீட்டில் துளசியை யாராவது கூடத்தில் அலமாரி மேல் வைத்தார்களா? முற்றத்தில், வெயில் படும் இடத்தில், தரையை விட உயரமாக, தண்ணீர் தேங்காதபடி மாடம் கட்டி வைத்தார்கள். குளித்துவிட்டு வந்து தினமும் தண்ணீர் விட்டார்கள். சுற்றி வந்து பிரதக்ஷிணம் செய்தார்கள். பக்தியை ஒரு நிமிஷம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு தோட்டக்காரனாகப் பாருங்கள். வெளிச்சம், வடிகால், தினசரித் தண்ணீர், நாலு பக்கமும் சுற்றிப் பார்ப்பது: தொட்டிச் செடிக்கு வேண்டிய நாலும் அதில் இருக்கிறது. போன்சாய்க்கு வேண்டியதும் இதே நாலுதான்.

இதில் வெளிச்சத்தில்தான் நாம் ஏமாறுகிறோம். காரணம் நம் கண். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தக்கபடி கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆகவே ஹால் நல்ல வெளிச்சமாக இருப்பது போல் நமக்குத் தோன்றும். அளந்து பார்த்தால் கதை வேறு. உச்சி வெயிலில் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். வெயில் நேரத்தில் மரத்தடி நிழலிலேயே 10,000 லக்ஸ் அளவில் இருக்கும். மறைப்பில்லாத ஜன்னலை ஒட்டி உட்புறம் சில ஆயிரம். ஜன்னலிலிருந்து ஏழெட்டு அடி உள்ளே வந்தால் சில நூறு. ராத்திரி டியூப்லைட் வெளிச்சம் நூறு, இருநூறுதான். பேரன் பேத்திகளைக் கேட்டால் செல்போனிலேயே இதை அளந்து காட்டுவார்கள். துல்லியம் இல்லாவிட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

இலை வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரை செய்கிறது. உயிரோடு இருப்பதற்கே அதில் ஒரு பங்கு செலவாகிறது. வரவு செலவை விடக் குறைந்தால், வங்கியில் போட்ட முதலை எடுத்துச் சாப்பிடுகிற பென்ஷன்காரர் நிலைமைதான். முதல் தீரும் வரை வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் மரம் பச்சையாகவே இருக்கும். அப்புறம் திடீரென்று கொட்டும். நாமோ, நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது என்போம். அது நேற்று வந்த வியாதி இல்லை.

அப்படியானால் ஃபிளாட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது? மூன்று வழி உண்டு.

முதல் வழி, முறை வைத்து மாற்றுவது. ஜப்பானியர் வீட்டில் கூடத்தின் சிறப்பு மாடத்தில் போன்சாயை வைப்பது விருந்தினர் வரும்போது, சில நாட்களுக்கு மட்டும். பிறகு அது வெளியே போய்விடும். நாமும் அப்படிச் செய்யலாம். இரண்டு மூன்று மரம் பால்கனியில் இருக்கட்டும். ஒன்று இரண்டு நாள் உள்ளே வரட்டும். திரும்பிப் போய் இரண்டு வாரமாவது வெளியே இருக்கட்டும். நவராத்திரிக்கு, பிறந்த நாளுக்கு, யாராவது வரும்போது என்று வைத்துக்கொண்டால் மரத்துக்கும் கஷ்டம் இல்லை, நமக்கும் பெருமை.

இரண்டாவது வழி, ஜன்னலை ஒட்டி நிரந்தரமாக வைப்பது. இங்கே ஒரு எச்சரிக்கை. வெள்ளைக்காரர் எழுதிய புத்தகங்களில் தெற்கு ஜன்னல்தான் உத்தமம் என்று இருக்கும். அது அவர்கள் ஊர் கணக்கு. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரை டிகிரியில் இருக்கிறோம். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு கடைசி வரை மத்தியான சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறான். மீதி நாளில் தெற்கே. ஆகவே திருவனந்தபுரத்தில் வருஷம் முழுவதும் நம்பத் தகுந்தது கிழக்கு ஜன்னல்தான். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் கிடைத்தால் போதும். கூலிங் கண்ணாடி, கொசுவலை, திரைச்சீலை எல்லாம் வெளிச்சத்தைத் திருடும் என்பதையும் கணக்கில் வைக்கவும். வாரம் ஒரு தடவை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மரம் ஜன்னலைப் பார்த்து வளைந்துவிடும்.

மூன்றாவது வழி விளக்கு. ஜன்னலும் இல்லை, பால்கனியும் இல்லை என்றால், 20 அல்லது 30 வாட் வெள்ளை எல்.இ.டி. விளக்கை மரத்தின் தலைக்கு மேல் ஒரு அடிக்குள் தொங்கவிட்டு, தினமும் 12 மணி நேரம் எரிய விடலாம். கிட்டத்தில் இருப்பதுதான் முக்கியம். விளக்கைக் கூரையில் மாட்டினால் பிரயோஜனம் இல்லை. தூரம் கூடக் கூட வெளிச்சம் வேகமாகக் குறைந்துவிடும். ராத்திரி அணைத்துவிட வேண்டும். மரத்துக்கும் இருட்டு வேண்டும்.

அடுத்தது, எந்த மரம்? மேல்நாட்டுப் படங்களில் பார்க்கிற ஜூனிபர், பைன் எல்லாம் பனிக்காலத்தில் உறங்கி எழும் மரங்கள். அவற்றை நம் ஊர் ஹாலில் வைப்பது யாத்திரை போன இடத்தில் யாரையோ விட்டுவிட்டு வருவது போல. நமக்கு உத்தமம் நால்பாமரம்தான். ஆயுர்வேதக் கடையில் நால்பாமரப் பட்டை என்று வாங்குகிறோமே, அந்த அத்தி, இத்தி, அரசு, ஆல் நாலும் ஒரே குடும்பம், ஃபைகஸ் என்பார்கள். நாலும் தொட்டியில் வாழும். ஆனால் ஆலுக்கும் அரசுக்கும் இலை பெரியது. சின்ன மரத்தில் பெரிய இலை, குழந்தைக்குத் தாத்தா சட்டை போட்டது போல் இருக்கும். இத்திக்கு இலை சிறியது, வேர் அழகாக வெளியே வரும், நிழலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், தப்பாக வெட்டினாலும் மறுபடி தளிர்க்கும். உங்களுக்குப் பரிசாக வந்திருக்கும், அடிவேர் கிழங்கு போல் பருத்த மரமும் பெரும்பாலும் இந்த இத்திதான். கடையில் ஜின்செங் ஃபைகஸ் என்று விற்பார்கள். ஜின்செங்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, வேரின் தோற்றத்தால் வந்த பெயர். முதன்முதலாக வளர்ப்பவர்கள் இத்தியோ, ஜேட் செடியோ வைத்துக்கொள்ளலாம். புளி, காகிதப்பூ இரண்டும் நல்ல வெயில் கேட்கும், அவை பால்கனிக்கு.

இனி தண்ணீர். வெளிச்சக் குறைவுக்கு அடுத்தபடியாகப் போன்சாயைக் கொல்வது நம் அன்பு. காலையில் அகத்து மாமி ஒரு டம்ளர் விடுவாள். பூஜை முடிந்து மாமா மீதித் தீர்த்தத்தை விடுவார். வேலைக்கு வரும் பெண் தன் பங்குக்கு விடுவாள். வேர் மூச்சு முட்டி அழுகும். வேர் அழுகினால் தண்ணீர் ஏற வழியில்லாமல் இலை வாடும். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் விடுவோம்.

இங்கே ஒரு சின்ன பௌதிகம். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை நனைத்துத் தட்டையாகப் பிடியுங்கள். சொட்டி முடித்து நின்றுவிடும். இப்போது அதையே செங்குத்தாகத் திருப்பிப் பிடியுங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும். தட்டையான பொருளின் அடியில் தண்ணீர் தங்கிவிடும் என்பதுதான் இதன் பொருள். ஆழமில்லாத போன்சாய்த் தொட்டியும் அதே மாதிரிதான். தோட்டத்து மண்ணை அதில் போட்டால் அடிப்பகுதி சதா சேறாகவே இருக்கும். ஆகவேதான் போன்சாய்க்குப் பரபரவென்ற மண் வேண்டும்.

அந்த மண்ணுக்கு ஜப்பானிலிருந்து மூட்டை வரவழைக்க வேண்டியதில்லை. நம் பழைய வீடுகளை இடிக்கும்போது கூரை ஓடு குவிந்து கிடக்கிறது. அதை உடைத்துச் சலித்து, கடுகை விடப் பெரியதாக, கடலைப்பருப்புக்குள் இருக்கும் துண்டுகளை மட்டும் எடுங்கள். தூளைத் தள்ளிவிடுங்கள். அது இரண்டு பங்கு, நன்றாக மக்கிய உரம் ஒரு பங்கு. ஓட்டுத் துண்டு தனக்குள் ஈரத்தை வைத்துக்கொள்ளும், துண்டுகளுக்கு நடுவே காற்று ஓடும். தாத்தா கட்டின வீட்டு ஓட்டில் பேரனுக்கு ஒரு மரம் வளரும் என்றால் அதுவும் நல்லதுதானே.

தண்ணீர் எப்போது விடுவது? கடிகாரத்தைப் பார்த்து அல்ல. ஊதுவத்தி எரிந்த பிறகு மிஞ்சும் மூங்கில் குச்சியை மண்ணில் செருகிப் பத்து நிமிஷம் விட்டு எடுங்கள். நிறம் கறுத்து ஈரமாக வந்தால் இன்று வேண்டாம். உலர்ந்து வந்தால் விடுங்கள். விடும்போது ஸ்பூனால் அல்ல. அடித் துவாரம் வழியாகத் தண்ணீர் ஓடும் வரை விட்டு, ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு தடவை விடுங்கள். பிறகு மண் காயும் வரை தொட வேண்டாம். மீனம், மேடம் வெயிலில் பால்கனியில் இருந்தால் தினமும் விட வேண்டியிருக்கும். இடவப்பாதி மழை நாளில் உள்ளே இருந்தால் நாலு நாளுக்கு ஒரு முறை போதும். யார் விடுவது என்பது வீட்டில் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருக்கட்டும். பால், அபிஷேகத் தீர்த்தம், காபி டிகாஷன் சக்கை எதுவும் வேண்டாம். நம் ஊர்க் காற்றில் ஈரம் போதும், ஆனால் ஏ.சி. அறை வேறு. அந்தக் காற்று நேராகப் படும் இடத்தில் மரத்தை வைக்கக் கூடாது.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டை இடும். ஒரு வாரம், பத்து நாளில் கொசு பறக்கும். டெங்குவும் சிக்குன்குனியாவும் கேரளத்தை என்ன பாடு படுத்தின என்று 2006, 2007-ல் படுத்துக் கிடந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். தட்டில் சரளைக்கல் பரப்பி அதன் மேல் தொட்டியை வையுங்கள். வாரம் ஒரு நாள் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

உரம், கத்தரி, கம்பி மூன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். உரம், தளிர் விடும் காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, பாக்கெட்டில் போட்டிருப்பதில் பாதி அளவு. வாடிய மரத்துக்கு உரம் போடக் கூடாது. ஜுரத்தில் கிடப்பவருக்கு வடை பாயசம் போடுவோமா? கிளை ஆறு, ஏழு இலை விட்டதும் இரண்டு, மூன்று இலை நிறுத்தி வெட்டலாம். இத்தியை வெட்டினால் பால் வரும். கண்ணில் படாமல், துணியில் கறை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளைப்பதற்கு அலுமினியக் கம்பி சுற்றினால் பட்டையில் பதியும் முன்பே எடுத்துவிட வேண்டும். வேகமாக வளரும் காலத்தில் ஒன்றரை மாதத்திலேயே பதிந்துவிடும். இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, மழை தொடங்கும் சமயத்தில் வெளியே எடுத்து, வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வெட்டி, புது மண்ணில் வைத்து, இரண்டு வாரம் நிழலில் வைத்திருங்கள்.

இலை கொட்டினால் பதற வேண்டாம். இந்தக் குடும்பத்து மரங்கள் இடம் மாற்றினாலே இலை உதிர்க்கும். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெளிச்சத்துக்கு மாற்றுங்கள், தண்ணீரைக் குறையுங்கள், காத்திருங்கள். எறும்பு வரிசையாக ஏறுகிறது என்றால் மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ வந்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரில் சில துளி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து, துணியால் துடைத்துவிட்டால் ஆரம்பத்திலேயே அடங்கும். இதற்குத்தான் பிரதக்ஷிணம். தினமும் நாலு பக்கமும் பார்க்கிறவருக்குத்தான் முதல் பூச்சி தெரியும்.

வாஸ்துப்படி போன்சாய் வீட்டுக்குள் ஆகாது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த நம்பிக்கை உள்ளவர்களோடு நான் வாதாட மாட்டேன். அவர்கள் அதைப் பால்கனியில் வைக்கட்டும். மரத்துக்கும் அதுதான் நல்லது.

கடைசியாக ஒரு விஷயம். இதுதான் என் மனசில் பெரிதாக இருப்பது. நம்மில் பலர் வருஷத்தில் ஆறு மாதம் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ பிள்ளைகள் வீட்டில் இருக்கிறோம். போன்சாய்க்கு ஆறு நாள் லீவு கூடக் கிடையாது. மண்ணோடு மரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு விமானம் ஏறவும் முடியாது. தாவரத் தடுப்புச் சட்டம் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. சிங்கப்பூரிலோ பாங்காக்கிலோ வாங்கி வருகிறேன் என்றாலும் இறக்குமதி அனுமதியும் தாவர சுகாதாரச் சான்றும் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். நாலைந்து நாள் போவதானால், பெரிய டப்பில் ஈர மணல் போட்டுத் தொட்டியை அதில் பாதி புதைத்து நிழலில் வைத்துவிட்டுப் போகலாம். அதற்கு மேல் என்றால் ஒரு மனுஷர்தான் வேண்டும்.

அது மட்டும் இல்லை. நம் வயசை ஒளிப்பதில் பிரயோஜனம் இல்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இந்த மரம் நமக்கு அப்புறமும் இருக்கும். ஹிரோஷிமாவில் யமாகி என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஒரு பைன் போன்சாயை வளர்த்தது. 1625-லிருந்து தொட்டியில் இருக்கும் மரம். 1945 ஆகஸ்டு 6-ஆம் தேதி அணுகுண்டு விழுந்தபோது, அந்த இடத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி அவர்கள் நர்சரியில், உயரமான மதிலுக்குப் பின்னால் இருந்ததால் பிழைத்தது. 1976-ல் அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டு விழாவுக்கு ஜப்பான் அனுப்பிய 53 போன்சாய்களில் அதுவும் ஒன்றாக வாஷிங்டன் போனது. குண்டு போட்ட நாட்டுக்கே கொடுத்தார் மஸாரு யமாகி. எந்த ஊர்க் குண்டுக்குத் தப்பிய மரம் என்று அங்கே பெரிதாகப் பேசவும் இல்லை. 2001-ல் அவருடைய பேரப்பிள்ளைகள் அதைப் பார்க்க வந்தபோதுதான் பலருக்கும் விஷயம் தெரிந்தது. அந்த மரம் அங்கும் திறந்த வெளியில்தான் இருக்கிறது. யாரோ ஒருவர் தினமும் தண்ணீர் விடுகிறார். நானூறு வருஷம் அது பிழைத்ததற்கு ரகசியம், ஒருவர் கை ஓய்ந்தபோது இன்னொருவர் கை தயாராக இருந்தது என்பதுதான்.

ஆகவே எனக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, இரண்டு கையால் சுலபமாகத் தூக்க முடிகிற மரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் வைக்காமல் இடுப்பளவு பெஞ்சில் வையுங்கள். எழுபதில் குனிந்து தொட்டி தூக்குவது வேண்டாத சாகசம். இரண்டு, ஒரு அட்டையில் மரத்தின் பெயர், வாங்கிய வருஷம், கடைசியாக மண் மாற்றிய மாதம், தண்ணீர் விடும் முறை நாலையும் எழுதித் தொட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். சர்க்கார் கோப்பு மாதிரிதான். நாம் மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருகிறவருக்குப் புரிய வேண்டும். மூன்று, நம் சங்கத்தில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைப்போம். யார் எந்த மாதம் வெளியூர் போகிறார்கள், யாரால் அந்த நாட்களில் ஒரு மரத்தையும் ஒரு துளசியையும் பார்த்துக்கொள்ள முடியும் என்று அதில் எழுதுவோம். மரம் என்ற சாக்கில், தனியாக இருக்கும் ஒரு தம்பதியின் கதவை வாரம் இரண்டு தடவை ஒருவர் தட்டுவார். அதனால் மரத்துக்கு மட்டும்தான் நன்மை என்று நான் நினைக்கவில்லை.

இடவப்பாதி தொடங்கியதும் இத்திக் கொம்பு சுலபமாக வேர் பிடிக்கும். பென்சில் கனம், ஒரு சாண் நீளம் போதும். அடுத்த கூட்டம் மழைக்காலத்தில் வருகிறது. என் மரத்திலிருந்து இருபது கொம்பு வெட்டிக்கொண்டு வருகிறேன். வாங்கிக்கொள்ள விரும்புகிறவர்கள் ஒரு பேரனையோ பேத்தியையோ, இல்லாவிட்டால் பக்கத்து ஃபிளாட்டுக் குழந்தையையோ கையோடு அழைத்து வாருங்கள். கொம்பை அந்தக் குழந்தையின் கையில்தான் கொடுப்பேன்.